எங்கள் நாய்க்குத் தைராய்டு

எங்கள் நாய் ஓடுவதை நிறுத்தி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு அதில் பெருமை வேறு. பக்குவம் வந்துவிட்டது, இனி சேட்டை கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். லேப்ரடார் கலப்பு, ஆறு வயது, ஆண். மணவாளக்குறிச்சியில் எங்கள் தெரு வழியாக எந்த வண்டி போனாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வான்.

முதலில் உறுத்தியது அவன் தேடிப்போன சூடுதான். நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மின்விசிறிக்கு அடியிலேயே நாங்கள் வெந்துகொண்டிருந்த சித்திரை மாதத்தில், இஸ்திரி போட்டு அடுக்கிய துணிக்குவியலின் மேல் அவன் போய்ப் படுத்தான். கல்யாணப் பெண் ஒருத்தியின் பட்டு பிளவுஸை விரித்தால் உள்ளே அவன் முடி. அப்புறம்தான் வாலைப் பார்த்தேன். முடியெல்லாம் உதிர்ந்து எலிவால் போல ஆகியிருந்தது. உடம்போ நேர்மாறாக ஊதிக்கொண்டே போனது.

வளைகுடாவில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த என் கணவர் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு அக்கா. அவர் சந்தையில் மீன் விற்கிறவர். மிச்ச மீனை எங்கள் நாய்க்குப் போட்டுப் போட்டு அவனைக் கெடுத்துவிட்டார் என்பது கணவரின் கட்சி.

"எக்கா, நீங்க சாளயும் நெத்திலியுமா குடுத்தா அவன் பின்ன எப்பிடி எழும்புவான்?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டார்.

"அந்தோணியார் சத்தியமா ஒரு மீன்தல குடுக்கல்ல. உங்க வீட்டுல என்ன குடுக்கியளோ, அத மொதல்ல பாருங்க தம்பி!"

ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் இளவயதுப் பெண். வயிற்றை அழுத்தி, வாலைத் தடவி, நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். முன்னங்காலில் ரத்தம் எடுத்து, குழாயை ஒரு சுழலும் இயந்திரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கீழே சிவப்பு படிந்திருந்தது. மேலே தெளிந்த மஞ்சளாய் நிற்க வேண்டிய நீர், கெட்டித் தேங்காய்ப்பாலாய் வெளுத்து நின்றது.

"காலைல என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணும் குடுக்கல்ல டாக்டர்" என்றேன் நான்.

பக்கத்தில் ஒரு கனைப்பு. "ஒரே ஒரு ரொட்டி" என்றார் என் கணவர். "கொஞ்சம் வெண்ண தேச்சு."

அவர் காது சிவந்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். மருத்துவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் நின்றால் இப்படி வெளுக்கும், மற்ற சோதனைகளும் தப்பாகக் காட்டும், முந்தின நாள் சாயங்காலத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஒரு நாயைப் பட்டினி போடுவது லேசு என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் தெருவில் அவனுக்கு எத்தனை வீட்டில் சாப்பாடு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வீடு தள்ளி மரச்சீனிக் கிழங்கு, முனைக்கடையில் பிஸ்கட், எதிர்வீட்டில் பழங்கஞ்சி. கணவர் வீடு வீடாகப் போய், "நாளைக்கு அவனுக்கு ரெத்த டெஸ்டு, கேட்டியளா, யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் சொல்லிவிட்டு வந்தார். கேட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். அப்புறம் வீட்டிலிருந்த வெண்ணெய் டப்பாவை நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

மறுநாள் ஆட்டோவில் அக்காவும் ஏறிக்கொண்டார். "எனக்கு இண்ணைக்கு ஒரு தீர்ப்பு தெரியணும்" என்றார். நாய் அவர் காலடியில் தூங்கியது.

மறுபடி ரத்தம், மறுபடி இயந்திரம். மருத்துவர் குழாயைத் தூக்கினார். அதே தேங்காய்ப்பால்.

நான் கணவரைப் பார்த்தேன். கணவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "மாதாவே, நான் பச்சத்தண்ணி கூட குடுக்கல்ல!" என்றார். "அப்போ ஏட்டி, நீயா?" என்று கணவர் என் பக்கம் திரும்பினார். "வெண்ண தேச்சது நானா?" என்று நானும் குரலை உயர்த்தினேன். வெளியே பூனையோடு காத்திருந்தவர்கள் எல்லாம் கதவு வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போன மருத்துவர் மற்ற சோதனைகளின் தாளோடு திரும்பி வந்தார். "யாரும் ஒண்ணும் குடுக்கல்ல. நேத்து ராத்திரி குடுத்திருந்தாலும் இவ்வளவு நேரத்துல தெளிஞ்சிருக்கணும். கொழுப்ப அவன் உடம்பால செலவழிக்க முடியல்ல. கொலஸ்ட்ரால் ரொம்பக் கூடுதல். ரத்தமும் லேசாக் குறைஞ்சிருக்கு. சர்க்கரை நோய் இல்ல, லிவரும் கிட்னியும் நல்லாதான் இருக்கு. எனக்குத் தைராய்டு மேலதான் சந்தேகம். வேற நோய் இருந்தாலும் தைராய்டு அளவு குறைவாக் காட்டும். அதனால அதோட சேத்து இன்னொரு ஹார்மோனும் பாக்கணும். வெளிய அனுப்புறேன்."

அக்கா நிமிர்ந்தார். "கேட்டியளா தம்பி?"

என் கணவர் எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் கூப்பினார். மறுபடி உட்கார்ந்து அக்கா சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் போனில் தேடித் தேடி, கட்டி, இதயம், எதையெதையோ வாசித்துக் காட்டினார். போனைப் பிடுங்கி வைத்தால் சத்தமில்லாமல் போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

மருத்துவர் போனில் கூப்பிட்டபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "தைராய்டேதான். தைராய்டு அளவு அடியில இருக்கு, அந்த இன்னொரு ஹார்மோன் எகிறிப் போயிருக்கு. மாத்திரை குடுத்தா சரியாகும். வாழ்நாள் முழுக்கக் குடுக்கணும், அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. எத்தனையோ வருடமாக அதே மாத்திரையை நான் சாப்பிட்டு வருகிறேன்! எடை கூடுகிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது, முடி கொட்டுகிறது, குளிருகிறது என்று என் டாக்டரிடம் நான் அழுத அத்தனையையும் இந்தப் பிராணி வாய் திறக்காமல் என் கண்முன்னே செய்து காட்டியிருக்கிறது. என் இஸ்திரித் துணிமேல் படுத்தே காட்டியிருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "அம்மா, இது உங்களுக்கா? இவ்வளவு பவர் ஆவாதே."

"எனக்கில்ல, நாய்க்கு."

அவர் நம்பவில்லை. மருத்துவரையே போனில் கூப்பிட்டுக் கேட்டார். நாய் உடம்பு அந்த மருந்தை மனிதரைவிட வேகமாகத் தீர்த்துவிடும், அதனால் அளவு கூடுதல் என்று பதில் வந்தது. என்னைவிடப் பல மடங்கு மாத்திரை அவனுக்கு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன்பிறகு காலையில் நாங்கள் இரண்டு பேரும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு, காப்பிக்கு நானும் சோற்றுக்கு அவனுமாக, அடுக்களையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டுவார். "ரெண்டு பேரும் முழுங்கியாச்சா மக்ளே?"

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்ததும் வாசலில் ஒரு குரைப்பு. நான் தையல் மிஷினை விட்டு ஓடினேன். கணவர் பாதி சவரத்தோடு ஓடிவந்தார். அக்கா கையில் மீன் வெட்டும் கத்தியோடு வந்தார். எங்கள் மூவரையும் அந்தக் கோலத்தில் கண்ட தபால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு நான்கடி பின்னால் போனார். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க, அவன் குரைக்கான்! அவனுக்குக் குணமாயாச்சு!" என்று என் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், அவர் சட்டையெல்லாம் சோப்பு நுரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். கரிய மணலில் கொஞ்ச தூரம் நடந்தான். ஒரு காகம் எழுந்து பறந்தது. அவ்வளவுதான், கயிறு கணவர் கையை விட்டுப் போயிற்று. அவன் ஓடினான். தொந்தி இன்னும் முழுக்கக் கரையவில்லை, பின்பாகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, காது இரண்டும் பறக்க ஓடினான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் பின்னால் ஓடினார். வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரியாமல் நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன், சிரிப்பில் விலாவைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த பரிசோதனையில் குழாயின் மேல்பாதி நல்ல தெளிந்த மஞ்சளாக நின்றது. மாத்திரையின் அளவு போதும், கூட்ட வேண்டாம் என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் எதிரே வந்த பேருந்துகளை நோக்கியெல்லாம் ஆட்டோவுக்குள்ளிருந்தே அவன் குரைத்துக்கொண்டு வந்தான். "நாய அடக்குங்க சார், காது போவுது" என்றார் ஓட்டுநர். என் கணவர் கேட்காததுபோல் வெளியே பார்த்துக்கொண்டு, அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.