கறிக்கடை வீட்டு விண்கப்பல்

கட்டை என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. காலையிலிருந்து வெட்டுக்கட்டை முன்னால் நிற்பதால் வந்த பெயர். ஆட்டின் கழுத்தில் கத்தி வைக்கும்போதுகூட முகம் மாறாது, வாயும் திறக்காது. அப்பா வழியில் அத்தனை பேரும் சத்தக்காரர்கள். இவன் மட்டும் அம்மாவின் மூத்த தம்பியை உரித்து வைத்தவன். அந்த மனிதர் தன் கல்யாணத்தன்றே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

கடை அக்காள் புருஷனுடையது. கடைச் சுவருக்குப் பின்னால் குடித்தனம். கல்யாணம் ஆகாத கட்டை அங்கேயே தங்கியதற்குச் சோறு மட்டும் காரணம் இல்லை. அத்தான் கை ஓங்குகிற ஆள். கட்டை வீட்டில் இருந்தால் அடி கொஞ்சம் குறையும். அவன் போய்விட்டால் அக்காளுக்கும் அவள் மகளுக்கும் குறுக்கே வந்து நிற்க நாதி இல்லை.

அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை அந்த விண்வெளித் தொடர். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிப் பார்க்க ஆரம்பித்தது. கப்பல் தலைவனாக நடித்தவர்கள் மாறிக்கொண்டே போனார்கள், தொடர் மட்டும் நின்றபாடில்லை. வாரம் ஒரு சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவான். பக்கத்தில் அக்காள் மகள், பத்து வயது இருக்கும். பூதம் தலையைத் திருகினாலும் கண்ணை மூட மாட்டாள். கப்பல் தலைவன் பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வாள்.

"எருமை மாதிரி வளந்துட்டான், இன்னும் பொம்மைப் படம் பாக்குறான் என் மச்சான்," என்று எலும்பை நொறுக்கிக்கொண்டே அத்தான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். "சின்னப் புள்ளைங்க பாக்குறதுடா அது. ரப்பர் பூதத்தப் பாத்து பயந்துட்டா சொல்லு, பால் ஆத்தித் தரச் சொல்றேன்."

"அது பெரியவங்க பாக்குறது அத்தான்," என்பான் கட்டை. அதற்கு மேல் பேச்சு வளராது.

ஒரு நாள் வியாபாரம் படுத்துவிட்டது. அத்தான் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். திரையில் ஒரு மிருகம் காவலாளியின் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தத் தொடரை உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"இந்தக் கண்றாவியவா புள்ளைக்குக் காட்டுற?"

"நீங்கதானேப்பா சின்னப் புள்ளைங்க பாக்குறதுன்னு சொன்னீங்க," என்றாள் மகள். எதிர்த்துப் பேசவில்லை, அப்பா சொன்னதைத்தான் சொன்னாள்.

அறை விழுந்தது. மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து அவளைக் கடைக்குள் இழுத்துப் போனார். குறுக்கே விழுந்த அக்காளுக்கு வயிற்றில் உதை. கத்தி தீட்டும் இரும்புக் கம்பியைச் சுவரிலிருந்து உருவி மகளின் முதுகில் ஒன்று போட்டார். அடுத்ததற்கு ஓங்கியபோது கட்டை அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடுடா. சோத்துக்கு வந்த நாய்க்கு இவ்வளவு ஆயிடுச்சா?"

"கம்பியக் கீழ போடுங்க அத்தான்."

அவர் தலையால் முட்டினார். கட்டையின் மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது, கண் இருட்டியது. கம்பியைப் பிடுங்கினால் போதும் என்றுதான் நினைத்தான். ஆனால் நித்தமும் முன்னங்காலை உடம்பிலிருந்து பிரித்துப் பழகிய கை அது. கட்டைவிரல் தானாக மூட்டுக் குழியைத் தேடிப் போய் அழுத்தியது. மறுகை முறுக்கி இழுத்தது. தோள் கழன்ற சத்தம் கேட்ட பிறகுதான், பிடித்திருப்பது ஆடு இல்லை என்று உறைத்தது.

அத்தான் ரத்தக்கறைத் தரையில் புரண்டு கத்தினார். "அவனா நானான்னு இப்பவே சொல்லுடி."

அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் மகளின் துணிகளை ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தாள்.

"இவளக் கூட்டிட்டுப் போயிடு."

"நீயும் வா அக்கா."

"நான் வந்தா தேடிக்கிட்டு வந்து வெட்டுவாரு. இவளுக்காக வர மாட்டாரு." சொல்லிவிட்டு உட்கார்ந்து, புருஷனின் கையைத் துண்டால் கழுத்தோடு கட்ட ஆரம்பித்தாள்.

பேருந்தில் மகள் வீங்கிய உதட்டோடு கேட்டாள். "அந்தக் காவலாளி செத்துட்டானா மாமா?"

"செத்துட்டான்."

"வேற ஆள் போடுவாங்க," என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

வேறு ஊரில் வேறு கறிக்கடை, மாடியில் ஒரு அறை. வாரம் தவறாமல் இருவரும் தொடர் பார்த்தார்கள். அது சின்னப் பிள்ளைகள் பார்க்கிறதா பெரியவர்கள் பார்க்கிறதா என்று யாராவது வம்புக்கு இழுத்தால் கட்டை எழுந்து போய்விடுவான்.

அக்காள் சொன்னபடியே அத்தான் தேடி வரவில்லை. அவள் மட்டும் எப்போதாவது வருவாள், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையோடு. கட்டை அதைச் சுருட்டிப் பார்க்கக் கை நீட்டுவான். அவள் விடமாட்டாள்.

"அந்தத் தோள் இன்னும் மேல தூக்க வரலடா அவருக்கு," என்பாள். "இடது கைய பழக்கிக்கிட்டாரு."