எந்தத் தொகுதி நீங்க?

எம்.எல்.ஏ. ஆபீசில் மனு வாங்குகிறவன் முதலில் பழகவேண்டியது மனுவைப் படிப்பது அல்ல, வந்தவரை வேறு தொகுதிக்கு அனுப்புவது. ராயபுரம் பக்கம் நான் அதைப் பல வருஷம் செய்தேன். இதே வேலை பார்த்துத் திட்டு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்குப் புரியும்.

தெரு நடுவில் ஒரு கோடு

எங்கள் தொகுதி ஒரு தெருவின் நடுவில் முடிந்தது. கிழக்கு வரிசை வீடுகள் எங்களுக்கு, மேற்கு வரிசை பக்கத்துத் தொகுதிக்கு. ஒரு மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்குள்ளும் புகுந்துவிட்டது. லூர்து மேரி மனுவோடு வந்தார். கணவருக்கு ஹார்பரில் வேலை. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. பட்டியலைப் புரட்டினேன். மேற்கு வரிசை.

"பக்கத்து எம்.எல்.ஏ.கிட்ட போங்கம்மா. எதிர் வரிசைக்குத்தான் நாங்க ஆள் அனுப்ப முடியும்" என்றேன்.

மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சாக்கடைத் தண்ணி தொகுதி பாத்துகினா நைனா வூட்டுக்குள்ள வருது?"

அஞ்சலைக்கு ஒரு லெட்டர்

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடலோரக் குப்பத்து ஜனங்களில் பலரை எர்ணாவூரில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். மீன்பிடிக்கப் போகும் தேசப்பனும் அவர்களில் ஒருவர். அவர் மனைவி அஞ்சலைக்கு இதய வால்வில் கோளாறு. ஆபரேஷனுக்கு அரசு உதவி கேட்க எம்.எல்.ஏ. லெட்டர் வேண்டும். "இப்ப நீங்க எர்ணாவூர். அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.தான் தரணும்" என்று அனுப்பினேன். அங்கே, "எங்க வாக்காளர் பட்டியல்ல உங்க பேரே இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை அலைந்தார்.

எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டு வைத்த வெற்று லெட்டர்பேடு தாள்கள் என் டிராயரிலேயே இருந்தன. ஒன்றில் நாலு வரி டைப் அடித்துக் கொடுத்திருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். மூன்றாம் முறை தேசப்பன் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "கடலு வூட்டத்தான் எடுத்துகினு போச்சுன்னு நெனச்சேன். தொகுதியயும் எடுத்துகினு போச்சா சார்?"

இரண்டு பூத் சிலிப்

தேர்தல் வந்தது. எம்.எல்.ஏ. என்னைக் கூப்பிட்டார். "எர்ணாவூருக்குப் போன நம்ம குப்பத்து ஜனங்க பேரெல்லாம் இன்னும் நம்ம லிஸ்ட்லதான் இருக்கு. ஒரு ஓட்டு விடக்கூடாது. வேன் ஏற்பாடு பண்ணு" என்றார். லெட்டர் கேட்டபோது வெளித்தொகுதியாக இருந்தவர்கள் ஓட்டுக்கு எங்கள் தொகுதி ஆனார்கள். பூத் சிலிப்புகளை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

தேசப்பன் வீட்டில் அஞ்சலையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இறந்து இரண்டு மாதம் என்றார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் கையில் அவர் பெயருக்கு ஒன்று, அஞ்சலை பெயருக்கு ஒன்று. எதையும் ஒளிக்க நேரமில்லை. இரண்டையும் வாங்கிப் பார்த்தார். தன்னுடையதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றதை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். "நான் வந்து போட்டுடறேன். இத்த மட்டும் நீயே அவளாண்ட குடுத்துடு சார்."

அந்தத் தேர்தலில் நாங்கள் ஜெயித்தோம், எம்.எல்.ஏ. என்னை அதே வேலையில் தொடரச் சொன்னார், நானும் மறுநாள் காலையில் முதலில் வந்தவரிடம், "எந்தத் தொகுதி நீங்க?" என்றுதான் கேட்டேன்.