நகவெட்டி டீச்சரும் பார்லர்காரம்மாவும்

அந்தத் தெருவில் யாரிடமாவது போய் "பியானோ டீச்சர் எங்கே இருக்காங்க?" என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பிறகு, "ஓ, நகவெட்டி டீச்சரா?" என்று சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். மருந்துக்கடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறினால் வரும் ஒற்றை அறைதான் அவளுடைய வகுப்பு. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஓர் ஆணி, அதில் சங்கிலி கட்டித் தொங்கும் நகவெட்டி. செருப்பைக் கழற்றிய கையோடு விரல்களை நீட்டிக் காட்ட வேண்டும். பியானோக் கட்டைகளின் மேல் நகம் பட்டு 'டிக் டிக்' என்று கேட்டால் டீச்சருக்குப் பல் கூசும்.

நகவெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சட்டகத்துக்குள் வகுப்பின் சட்டங்கள் தொங்கின. தாமதமாக வந்தால் மிச்ச நேரம்தான் வகுப்பு. வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும். தினமும் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். பிள்ளை வாசிக்கும்போது பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது. சொல்லாமல் மூன்று வகுப்பு தவறினால் இடம் போய்விடும். ஆண்டு நிகழ்ச்சியில் எல்லோரும் மேடையேற வேண்டும். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் கதவு திறக்கப்படாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இவள் ஏதோ ஜெயிலர் மாதிரி தோன்றும். ஆனால் அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவள் பட்ட பாடு இருந்தது. முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்த்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வீட்டில் டிவியை அணைக்கவே மாட்டார்கள். கேட்டால், "நீங்க பாட்டுக்கு வாசிங்க டீச்சர், எங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்பார்கள். இன்னொரு வீட்டில் பியானோவின் மேல் துணி விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசிச் சட்டை முடியும்வரை டீச்சர் ஓரமாக நிற்க வேண்டும். "பிள்ளையக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, இதோ வந்துட்டேன்" என்று போன ஓர் அம்மா இருட்டின பிறகுதான் திரும்பினாள், அதுவும் புதுப் புடவையோடு.

கடைசியில் ஒரு நாள் கொட்டுகிற மழையில் நான்கு மாடி ஏறிப் போனால் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அவங்க ஊருக்குப் போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தவளிடம் கணவர் துண்டைக் கொடுத்தார். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். டிரைவரோ கண்டக்டரோ, யாராக இருந்தாலும் நேரம் தப்பினால் அவரிடம் பேச்சு எடுபடாது.

"எங்க டிப்போவுல நேரமாச்சுன்னா பஸ் கிளம்பிடும். பின்னாடி ஓடி வர்றவங்களுக்காக நிக்காது. நீயும் அப்படி வையேன்."

"எல்லாரும் நின்னுடுவாங்களே?"

"நிக்கிறவங்க நிக்கட்டும். ஏறுறவங்க ஏறட்டும்."

அப்படித்தான் மருந்துக்கடை மாடி வாடகைக்கு வந்தது, சட்டங்களும் எழுதப்பட்டன. சொன்னது அவள், எழுதினது அவர். 'எக்காரணம் கொண்டும்' என்பது அவருடைய கைவரிசை.

சில பேர் நின்றுதான் போனார்கள். ஆனால் ஏறினவர்கள் ஒழுங்காக வந்தார்கள். எல்லாம் பஸ் மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பார்லர்காரம்மா படியேறி வந்தாள்.

இரண்டு தெரு தள்ளி பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். அவள் மகள் இங்கேதான் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள், கற்றுக்கொண்டதாகப் பெயர். சொல்லாமல் மூன்று வகுப்பு மட்டம் போட்டதில் இடம் போய்விட்டது. டீச்சர் சண்டைக்குத் தயாராகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"டீச்சர், என் பொண்ணு பேரை எடுத்துட்டீங்களாமே?"

"ஆமாங்க. அந்த இடத்துல வேற பிள்ளை சேர்ந்தாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"நீங்க வேற. அவ சந்தோஷத்துல வீட்டுல ஒரு ஆட்டமே போட்டுட்டா. பிரச்சினை அவ இல்ல, பியானோ. ஆசை ஆசையா வாங்கினது. இப்ப அது மேல துவைச்ச துணிய மடிச்சு வைக்கிறோம். பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. அதனால நானே கத்துக்கலாம்னு வந்தேன்."

"நீங்களா?"

"ஏன், அம்மாக்கள் கத்துக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கா?"

டீச்சர் தன்னையறியாமல் திரும்பிச் சட்டகத்தைப் பார்த்தாள். அம்மாக்கள் உள்ளே உட்காரக் கூடாது என்றுதான் இருந்தது. அம்மாவே வாசித்தால் என்ன செய்வது என்று டிப்போக்காரர்கூட யோசித்திருக்கவில்லை.

"சரி. முதல்ல கையைக் காட்டுங்க."

பார்லர்காரம்மா பத்து விரலையும் விரித்தாள். டீச்சருக்கு மூச்சே நின்றது. ஒவ்வொரு நகமும் ஒரு சின்னக் கரண்டி நீளம். ஒன்றில் பூ, ஒன்றில் பட்டாம்பூச்சி, கட்டைவிரலில் ஒரு முழு மயில்.

டீச்சர் ஆணியில் இருந்த நகவெட்டியை எடுத்து நீட்டினாள்.

"அய்யய்யோ! இது நகம் இல்ல டீச்சர், என் கடை போர்டு. இதப் பார்த்துத்தானே 'எனக்கும் இதே மாதிரி'ன்னு வர்றாங்க!"

"நகம் இருந்தா வகுப்பு இல்லைங்க."

பார்லர்காரம்மா கொஞ்ச நேரம் மயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற குரலில் சொன்னாள்: "ஒண்ணு பண்ணலாம். இடது கைய வெட்டிடறேன். வலது கை கடையோடயே இருக்கட்டும். முதல்ல இடது கைக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

இத்தனை வருடத்தில் நகத்துக்குத் தவணை கேட்டவர் யாரும் இல்லை. டீச்சர் கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கண்டிப்பாக இருப்பது கஷ்டம். பார்லர்காரம்மா நகவெட்டியைக் கையில் வாங்கிவிட்டாள்.

இப்படியாக மழைக்காலம் முழுவதும் மருந்துக்கடை மாடியிலிருந்து இடது கை மட்டும் 'தும் தும்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. கீழே மாத்திரை வாங்க வந்தவர்கள், மேலே யாரோ பீரோ நகர்த்துகிறார்கள் என்று நினைத்தார்கள். பிறகு ஒரு நாள் பார்லர்காரம்மா இரண்டு கையையும் மொட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மயில் எங்கே?" என்றாள் டீச்சர்.

"பாட்டு வலது கைலதான் வருமாமே! என் பொண்ணு நேத்துதான் சொன்னா. இத்தனை நாளா பாட்டே இல்லாத பக்கத்தையே தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலாம்ல டீச்சர்?"

"கடைக்கு போர்டு?"

"அத ஏன் கேக்கறீங்க. ஒரு கை மட்டும் ஏன் இப்படின்னு கேட்டாங்க. இப்ப இதான் ஃபேஷன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர் அதே மாதிரி வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

நகம் வழிக்கு வந்தாலும் நேரம் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் மூச்சு வாங்க ஓடிவருவாள். "தலையில சாயத்தோட ஒருத்தங்கள உக்கார வெச்சிட்டு எப்படி வர்றது? விட்டா முடி ஆரஞ்சு கலர் ஆயிடும்" என்பாள். டீச்சரும் விடவில்லை, மிச்ச நேரம்தான் வகுப்பு. சில நாள் உட்கார்ந்து, இரண்டு வரி வாசித்து, எழுந்துவிட வேண்டியதுதான். ஆனால் வீட்டுப் பயிற்சியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மடித்த துணியெல்லாம் பியானோவிலிருந்து இறங்கிக் கட்டிலுக்குப் போய்விட்டதாக மகள் வழியில் பார்த்தபோது புகார் சொன்னாள்.

ஆண்டு நிகழ்ச்சி நெருங்கியது. பார்லர்காரம்மா முதன்முறையாக முகம் வெளுத்தாள்.

"மேடையெல்லாம் வேணாம் டீச்சர். சின்னப் பிள்ளைங்களுக்கு நடுவுல நான் போய் உக்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

"எல்லாரும் ஏறணும். அப்படித்தான் போட்டிருக்கு."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாரும்தான்."

"அப்ப நீங்க?"

டீச்சர் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள். அவள் மேடையில் வாசித்துப் பல காலம் ஆகிவிட்டது. இசைப் பள்ளியில் கடைசித் தேர்வு நடந்தபோது, பாதிப் பாட்டில் எல்லாம் மறந்துபோனது. அடுத்த சுரம் எது என்று விரலுக்கும் தெரியவில்லை, தலைக்கும் தெரியவில்லை. அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். பிறகு மறு தேர்வில் வாசித்துத் தேறினாள், ஆனால் அது மூடின அறைக்குள். அதிலிருந்து அவள் உண்டு, மாணவர்கள் உண்டு. நிகழ்ச்சிகளில் பக்கம் புரட்டிக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

பார்லர்காரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் வாடிக்கையாளரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே மனசைப் படிக்கிற தொழில் அவளுடையது. "சரி விடுங்க," என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிப்போம். ஒரே பெஞ்சு, நாலு கை. நான் தப்பு பண்ணா நீங்க சத்தமா வாசிங்க. நீங்க தப்பு பண்ணா நான் இருமறேன்."

மறுக்கக் காரணம் கிடைக்காமல் டீச்சர் ஒப்புக்கொண்டாள். இருவர் வாசிக்கும் ஒரு சின்ன நடனப் பாட்டு கடைசி நிகழ்ச்சியாகப் போடப்பட்டது.

வாடகைக்கு எடுத்த பள்ளி அரங்கம் அன்று நிரம்பிவிட்டது. கதவுக்கு வழக்கம்போல டிப்போக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பார்லர்காரம்மாவின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து, தான் வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் எல்லோருக்கும் கை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அம்மாவைக் காணோம்.

கடைசிப் பிள்ளையும் கும்பிட்டு இறங்கியது. டீச்சர் மேடையில் தனியாக நின்றாள். அரங்கம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. வந்தவர்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் எழுந்துவிடுவார்கள். தலைதெறிக்க ஓடிவருகிற ஒருத்தி காலி அரங்கத்தில் வந்து நிற்பாள்.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன வாசிப்பது என்று யோசித்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். யோசிக்கவில்லை. கை தானாகப் போய்த் தேர்வன்று பாதியில் விட்ட அந்தப் பாட்டையே எடுத்தது. மறந்துபோன இடம் வந்தது, கடந்தும் போனது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கண் முழுக்கக் கதவு மேல், மேடை விளக்கின் கூச்சத்தில் அது திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்பது மட்டும்தான் தெரிந்தது. பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தபோதும் கதவு சாத்தியே இருந்தது. வேறு வழியில்லாமல் நடுப்பகுதிக்குத் திரும்பினாள். மறுபடி முடிவு வந்தது, மறுபடி திரும்பினாள். கதவு திறக்கிறவரை நிறுத்துவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே பார்லர்காரம்மா எப்போதோ வந்து நின்றுகொண்டிருந்தாள். கூடவே, தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றின ஒரு பெண்மணி. சாயம் ஊற இன்னும் நேரம் இருந்ததால் அவளையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

"அண்ணே, அடுத்து நான்தான் வாசிக்கணும். விடுங்கண்ணே!"

"உள்ள வாசிச்சிட்டு இருக்காங்கம்மா. முடிஞ்சதும் திறப்பேன்."

"முடியவே மாட்டேங்குதே!"

"அதுக்கு நான் என்ன பண்றது? சட்டம் அப்படி."

உள்ளே இருந்தவள் கதவு திறந்தால்தான் நிறுத்துவாள், வெளியே இருந்தவர் அவள் நிறுத்தினால்தான் திறப்பார். பாட்டு செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. நான்காவது சுற்றில் முன்வரிசையிலிருந்த மகள், தற்செயலாகத் திரும்பி, கதவின் கண்ணாடிச் சதுரத்தில் அம்மாவின் மூக்கு அப்பியிருப்பதைப் பார்த்துவிட்டாள். அம்மா காட்டின சைகையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நிகழ்ச்சியின் நடுவில் பேசக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு எங்கே ஞாபகம்? நாற்காலி மேல் ஏறிக் கத்தினாள்:

"டீச்சர்! எங்கம்மா வெளிய நிக்கறாங்க! நீங்க நிறுத்தினாத்தான் உங்க வீட்டுக்காரர் கதவைத் திறப்பாராம்!"

அரங்கம் ஒரு நொடி விழித்தது. பிறகு கொல்லென்று சிரித்தது. டீச்சர் கடைசி சுரத்தை 'டொம்' என்று போட்டுவிட்டுக் கையை எடுத்தாள். சிரிப்போடு சிரிப்பாகக் கைதட்டலும் சேர்ந்து எழுந்தது. அது தனக்குத்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவு திறந்தது. பார்லர்காரம்மா ஓடிவர, பின்னால் தலை மின்ன மின்ன வெள்ளித்தாள் பெண்மணியும் வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான்கு கைப் பாட்டு அப்படியொன்றும் பிரமாதமாக வரவில்லை. பார்லர்காரம்மா இரண்டு இடத்தில் "அய்யோ" என்று வாய்விட்டுச் சொன்னாள், ஓரிடத்தில் வரியே தாண்டிக் குதித்தாள். டீச்சரும் கூடவே குதித்துப் போய்ப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே சமயத்தில் முடித்ததே பெரிய காரியம். முடித்த கையோடு கும்பிடக்கூட நிற்காமல், "முடி ஆரஞ்சு ஆயிடும்!" என்று வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு அவள் ஓட்டமாக ஓடிவிட்டாள்.

அரங்கத்தைப் பூட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் நடந்து வந்தார்கள். டீச்சர் வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

"அந்தம்மா கெஞ்சியிருக்காங்க, ஒரு மனுஷன் கதவைத் திறக்க மாட்டீங்களா? எனக்குக் கை ஒடிஞ்சே போச்சு."

"வாசிக்கும்போது திறக்கக் கூடாதுல்ல."

"லேசாத் திறந்து ஒரு சைகை காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருக்கலாம்," என்றார் அவர். "கல்யாணம் ஆனதுலேருந்து நீ ஒரு பாட்டு முழுசா வாசிச்சு நான் கேட்டதே இல்ல. மூணாவது சுற்று ரொம்ப நல்லா இருந்துச்சு."

டீச்சர் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தபடி, அவ்வழியே போன ஒரு பஸ் எவ்வளவு தாமதம் என்று வாட்சில் பார்த்துக்கொண்டிருந்தார்.