ஒன்பதாயிரம் டாலர் முட்டி

ஆர்லிஸ் பிரான்வோல்டுக்கு எழுபத்தொரு வயதில் இருந்தது ஒரே ஆசை. குளியலறை கீழே வரவேண்டும். பழைய வீடு, குளிக்க, படுக்க எல்லாம் மாடிதான். கட்டிலை வேண்டுமானால் கீழே இறக்கிவிடலாம், குளியலறையை இறக்க முடியாது. படியேற முடியாமல் போனால் அரிசோனாவில் மகள் ஜனெல் வீட்டுக்குப் போயாக வேண்டும். அம்மாவுக்கென்று ஓர் அறைக்கு அவள் வண்ணம்கூட அடித்துவிட்டாள். விஸ்கான்சின் பனியை வாழ்நாளெல்லாம் திட்டிய ஆர்லிஸ், அதை விட்டுப் போகச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் மளிகைக் கடை வாசலில் உருகிக் கிடந்த பனித் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பு முறிந்தது. வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு, மெடிகேர், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது. அடுத்து வந்த கோடையில் வலது முட்டியையும் மாற்றினார்கள். அதற்கும் மெடிகேர்தான் கொடுத்தது.

அந்த முட்டியை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற எங்கள் வியாழக்கிழமை பௌலிங் குழுவுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காகப் பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் அதை வைதுகொண்டுதான் ஆடினாள். ஆனால் கடையின் மேல் வழக்குப் போட்டபோது, இடுப்பு போனதால் நொண்டி நொண்டித்தான் முட்டியும் போயிற்று என்று சொல்லிவிட்டாள். வக்கீல் டிம் வாக்ஹோல்ட்ஸ் அப்படியே எழுதினான். மீன் வறுவல் விருந்துக்குச் சீட்டு வாங்கும்போது மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் காரைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுக்கிற ஜனங்கள் நாங்கள். காப்பீட்டுக் கம்பெனியிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்வதை மட்டும் யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடையின் காப்பீட்டுக் கம்பெனி நாற்பத்தைந்தாயிரத்துக்குச் சம்மதித்தது. டிம்முக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதி முப்பது. குளியலறைக்குப் பதினெட்டு என்று கொத்தனார் சொன்னார். அவள் தரைக்குப் பச்சை ஓடுகூடப் பார்த்து வைத்தாள்.

வேறொருவரால் வந்த காயம் என்றால், மெடிகேர் கொடுத்ததைத் திருப்பிக் கட்டவேண்டும். இதை டிம் முதலிலேயே சொல்லியிருந்தான். இடுப்புக்குப் பதினோராயிரம் போகும் என்று அவளும் எடுத்து வைத்திருந்தாள். மெடிகேர் முட்டிக்கும் சேர்த்து இருபதாயிரம் கேட்டது. விழுந்ததால்தான் முட்டி போயிற்று என்று அவளே சொல்லியிருக்கிறாளே.

டிம் ஆபீசுக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தில் அவன் தட்டில் சோறு போட்டவள் ஆர்லிஸ். அவனுக்கு இன்றும் அவளிடம் பயம் உண்டு. முட்டி முன்னாடியே கெட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அவளும் ஒரு கடிதம் எழுதினால் அந்த ஒன்பதாயிரத்தைக் கழிக்க வாய்ப்பிருக்கிறது என்றான்.

"அப்போ கடைக்காரன்கிட்ட சொன்னது?"

"அதுல உங்க கையெழுத்து இருக்கு, ஆர்லிஸ். இதுலயும் நீங்கதான் போடணும்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். காரில் எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுதிப் போடுடி. இப்போ எழுதப்போறதுதானே நிஜம்? ரெண்டையும் யாரு ஒத்துப் பார்க்கப் போறாங்க?"

"முதல்ல சொன்னதுக்கே சர்ச்சுல பின்பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். நிஜத்தையும் காசுக்காக எழுதணுமா?"

எங்கள் சர்ச்சில் எல்லோருமே பின்பெஞ்சுதான். இருந்தாலும் அவள் சொன்னது புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை. இப்படியொரு வீம்பு எதற்கு?

இருபதாயிரமும் கட்டிவிட்டாள். மீதிப் பத்தில் குளியலறை வராது; கொத்தனாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விஷயம் தெரிந்த ஜனெல் மார்ச் மாதம் இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். அம்மாவைக் கையோடு கூட்டிப்போகாமல் திரும்புவதில்லை என்று என்னிடமே சொன்னாள். நானும் அதுதான் சரி என்றேன்.

ஆர்லிஸ் எங்கள் இருவரையும் கீழ்ப்படியில் நிற்கச் சொன்னாள். கைப்பிடியைப் பிடித்தாள். வலது காலை வைத்து, இடதை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். நடுவில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். ஜனெல் உதவிக்கு ஓடப்போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேலே போய்த் திரும்பியபோது ஆர்லிஸின் முகமெல்லாம் வேர்வை.

"ஒன்பதாயிரம் டாலர் குடுத்து வாங்கின முட்டிடி. இது ஏறாம வேற எது ஏறும்?"

ஜனெல் காலிப் பெட்டிகளோடுதான் ஊர் திரும்பினாள்.