மூடி திறந்திருந்த குவளை

மாமனார் கையில் எதைப் பார்த்தாலும் முகர்ந்து பார்ப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன காரியம். காப்பி டம்ளர், இருமல் மருந்து, தண்ணீர் பாட்டில், எதுவும் தப்பாது. அதில் மாமியாருக்குத்தான் மூக்கு கூர்மை; அத்தை என்றுதான் அவரை நான் கூப்பிடுவேன். மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவார். எனக்குக் கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு நானும் முகர ஆரம்பித்தேன்.

மாமனார் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவருடைய பட்டாள வாழ்க்கையில் பெரும்பகுதி ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் முகாமில் கழிந்தது. அங்கே இலையுதிர்காலத்தில் ஊரே கூடித் தின்று பீர் குடித்துக் கொண்டாடுமாம். அந்தக் கொண்டாட்டத்தைக் கருவடிக்குப்பத்து வீட்டு மாடியில் ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் நடத்துவார். அங்கே இலை உதிரும் நேரத்தில் இங்கே மழை கொட்டும். தகரக் கூரை இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்கவைத்துத் தின்பார்கள் என்பதே புதுச் செய்தி. அத்தை அதில் அவருக்குத் தெரியாமல் கடுகு தாளித்துக் கொட்டுவார். அவரும் தெரியாத மாதிரியே சாப்பிடுவார்.

பீருக்கென்று அங்கிருந்து கொண்டுவந்த கனத்த பீங்கான் குவளைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு தகர மூடி. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: "மூடியத் தொறந்து வெச்சா இன்னும் ஊத்துன்னு அர்த்தம். மூடிட்டா போதும்னு அர்த்தம். வாயத் தொறந்து கேக்கவே வேணாம்." அவர் குவளையின் மூடி மூடியிருந்து நான் பார்த்ததேயில்லை. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவருக்கு மட்டும் அந்தக் கொண்டாட்டம் வருஷம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. எங்கள் எல்லோருடைய நிம்மதியையும் அது தின்றது.

ஒரு கோடையில் குளியலறையில் விழுந்து தாடை கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு வந்தவர், இனிமேல் குடிப்பதில்லை என்றார். முன்பும் பலமுறை சொன்னவர்தான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதங்கள் போயின. எங்கள் மூக்குகளுக்கு எதுவும் அகப்படவில்லை. ஐப்பசி வந்ததும், இந்த வருஷமும் எல்லோரையும் கூப்பிடப்போகிறேன் என்றார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் நிறுத்தினது என் குடிய. வூட்டுக்கு வர்றவங்கள எதுக்கு நிறுத்தணும்?" என்றார் மாமனார்.

அத்தை அவரிடம் வாதாடவில்லை. என்னிடம்தான் சொன்னார்: "இந்தத் தடவ குடிச்சாருன்னா காலாப்பட்டுல எங்க தம்பி வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." வெறும் பேச்சில்லை. கட்டிலுக்கடியில் அவருடைய புடவைகள் மடித்து வைத்த பையைப் பார்த்துவிட்டு நான் என் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

கொண்டாட்டத்தன்று மாமனார் எல்லோருக்கும் தன் கையாலேயே பீர் ஊற்றினார். தன் குவளையில் பன்னீர் சோடாவை ஊற்றி மூடியை மூடிவைத்துக்கொண்டார். மூடிய பீங்கானுக்குள் இருப்பது வெளியே தெரியாது என்பதுதான் அத்தையை அரித்தது. பாதி குடித்துவிட்டு மாமனார் கரி அடுப்பில் சாசேஜ் புரட்டப் போன நேரத்தில் அத்தை மேசைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்தார், மூடியைத் தூக்கினார், குனிந்து முகர்ந்தார். பன்னீர் வாசனைதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டார். தட்டுகள் எடுக்க நானும் பின்னால் போனேன். மூடியை மூட இருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமனார் குவளையை வாயருகே தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு ஊத்தினது?"

"நான்தான்பா. மூடி தொறந்திருந்துதே," என்றார் அவரோடு பட்டாளத்தில் இருந்த சிநேகிதர். சொல்லிக்கொடுத்தபடி நடந்த மனிதர், பாவம்.

"நான் தொறக்கலியே."

"நான்தான் தொறந்தேன்," என்றார் அத்தை. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். மாமனார் கத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை. குவளை இன்னும் உதட்டருகில்தான் இருந்தது. நுரை விரல்மேல் வழிந்தும் அவர் கண் அதைவிட்டு நகரவில்லை. அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வேண்டாமென்று விட்டவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். வேண்டும் வேண்டும் என்று தினமும் தவித்துக்கொண்டே விட்டிருக்கிறார்.

"இந்தா," என்று குவளையை அத்தையிடம் நீட்டினார். "நீயே கொட்டிடு. என்னால முடியல."

அத்தை மாடி ஓரத்துக்குப் போய் மழையில் கொட்டினார். கழுவி, சோடா ஊற்றி, மூடியைத் தானே மூடி அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அத்தை எதையும் முகர்ந்து நான் பார்த்ததில்லை. கட்டிலுக்கடியிலிருந்த பையும் எப்போது காலியானது என்று தெரியாது.

மாமனார் இப்போது இல்லை. இந்த ஐப்பசியிலும் ஆட்களைக் கூப்பிட்டோம். முட்டைக்கோஸுக்கு அத்தை எல்லோருக்கும் எதிரிலேயே தாளித்தார். ஒளித்துச் செய்ய ஆள் இல்லாமல் போய்விட்டது. சிரிப்பும் பேச்சுமாக இருந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் நினைவெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. நெஞ்சுவலியோடு அவரைக் கொண்டுபோன அன்று, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடிப்பாரா?

"முன்னாடி நெறய..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "எங்க வூட்டுக்காரரு குடிக்கமாட்டாரு," என்றார்.

மாமனாருக்கு அப்போது நினைவு இருந்தது. கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.