எண்ணெய்த் துணி

திருப்புலிவனத்து விவசாயி ஒருவர், காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸோடு வைத்திருந்த துப்பாக்கியின் மரக்கட்டையைப் புதுப்பிக்க, மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் என்னை அழைத்தார். வார்னிஷ் வேண்டாம், எண்ணெய்தான் வேண்டும் என்றார். எனக்கு அது புதிது. மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து நாலு நாள் லின்சீட் ஆயில் என்கிற ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தேன். மிச்ச எண்ணெயைத் துடைத்த துணிகளைச் சுருட்டி வைக்கோல் ஓரம் போட்டேன்.

நாலாம் நாள் மதியம் கொட்டகை எரிந்தது. கட்டியிருந்த கன்று கருகிப்போனது. எப்படி என்று எல்லோரும் கேட்டபோது, அங்கே மாடு பார்த்த ஏழுமலையைக் காட்டி, "இவருதான் இங்க பீடி புடிப்பாரு" என்றேன்.

"இன்னிக்கு நான் பத்தவே வெக்கல நைனா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றே அவர் வேலை போனது.

மறு வருஷம் இன்னொரு துப்பாக்கிக் கட்டைக்கு அதே எண்ணெய் போட்டேன். என் வீட்டில் சுருட்டிப் போட்ட துணி, நெருப்பே படாமல் புகைந்தது. தொட்டேன்; சுட்டது. சுருட்டிய துணியில் அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏழுமலை வீட்டுக்கு ஓடினேன். சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நான் சொன்னதை அவர் மனைவி முழுசாகக் கேட்டார்.

"நாந்தான் பத்த வெச்சிட்டு மறந்துட்டேன் போலன்னு, சாவற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. இப்ப வந்து சொல்றியேப்பா."

துணியை இப்போது தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போடுகிறேன். போகிற போக்கில் நான் சொன்ன ஒரு வார்த்தையை, அந்த மனிதர் தன் ஞாபகத்தைவிட அதிகமாக நம்பியிருக்கிறார்.