கஸ்தூரி கறுப்பாக்கிய கத்திகள்

கஸ்தூரி போய்விட்டார் என்று அவர் கொழுந்தன் சேகர் போனில் சொன்னபோது, நான் கடையில் ஒருவருக்குக் குழாய் மூடி தேடிக்கொண்டிருந்தேன். "எந்தக் கஸ்தூரி?" என்று கேட்டேன். சதுரங்கப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே கஸ்தூரிதான், தெரிந்துகொண்டேதான் கேட்டேன். நெஞ்சு வலிக்கிறது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களாம். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஷட்டரை இறக்கினேன். குழாய் மூடி கேட்டவர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

உங்களில் பலருக்கு அவர் மீன்காரக் கஸ்தூரி, குப்பத்து மகளிர் குழுவின் தலைவி, மெதுவாகப் பேசவே தெரியாதவர். எனக்கோ, என் ஹார்டுவேர் கடைக்கே வந்து என்னிடம் வம்பு பண்ணி ஜெயித்துவிட்டுப் போன வாடிக்கையாளர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து வாயாலேயே வியாபாரம் பண்ணிப் பிழைத்தவன் நான். என் வாயை அடைத்தவர் என்றால் அவர்தான்.

முதலில் அந்தக் கத்திக் கதையைச் சொல்கிறேன். அவர் கணவர் ஏழுமலை கடலில் கயிறு அறுக்கும்போது, திருவிழாக் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி பட்டென்று மடங்கி விரல் நுனியைக் கொண்டுபோனது. அந்தக் காயம் ஆறுவதற்குள் கஸ்தூரி குழுவைக் கூட்டிவிட்டார். படகில் போகும் ஆண்கள் எல்லாருக்கும் குழுச் சேமிப்பிலிருந்து ஆளுக்கொரு கத்தி என்று முடிவானது. எந்தக் கத்தி என்பதில்தான் சண்டை. மலிவான எவர்சில்வர் கத்தி போதும், தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம் என்றது ஒரு பக்கம். கஸ்தூரி ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் என் கடையில் வைத்தே தீர்த்துக்கொள்வது என்று எல்லாரும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

நான் இரண்டு ரகத்தையும் எடுத்துப் போட்டேன். ஒன்று பளபளக்கும் எவர்சில்வர், பிளாஸ்டிக் பிடி. இன்னொன்று கார்பன் இரும்பு, மரப்பிடி, விரித்த கத்தி மடங்காமல் இருக்கத் திருகிப் பூட்டும் வளையம். விலையோ பல மடங்கு. கஸ்தூரி மீன் கூடையிலிருந்து ஈரக் கயிறு ஒன்றை எடுத்து என் மேஜைமேல் போட்டார். மலிவுக் கத்தி முதலில் ஜோராகத்தான் அறுத்தது. நாலைந்து அறுப்புக்குப் பிறகு கயிற்றின்மேல் வழுக்க ஆரம்பித்தது. மரப்பிடிக் கத்தி சளைக்கவே இல்லை. மேஜை முழுக்க மீன் நாற்றம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? "ஏம்மா, இந்த நல்ல கத்தி உப்புத் தண்ணி பட்டா துருப்பிடிக்கும். தினம் துடைச்சு எண்ணெய் போடணும். உங்க ஆளுங்க போடுவாங்களா?" என்றேன்.

"துரு புடிச்சா தேச்சுக்கலாம் அண்ணாத்த. வெரலு போனா தேச்சா வருமா?" என்றார். பிறகு குழுப் பெண்களிடம் திரும்பி, "இது வேஸ்ட்டாச்சுன்னா அடுத்த நாளே வேற ஒருத்திய தலைவியா வச்சிக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். கஸ்தூரி வாயைத் திறக்காமல் இருப்பதா! பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

கத்திகள் கொடுத்தாயிற்று. சில வாரம் கழித்து ஒரு காலையில் கடைக்கு வந்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஒரு ஆம்பள இடுப்புலயும் கத்தி இல்ல அண்ணாத்த. என் வூட்லயே பாரு, பீரோவுல பட்டுப் பொடவைக்கு அடியில கவரு பிரிக்காம கீது! கேட்டா, இவ்ளோ சோக்கான பொருளு, தண்ணில வுழுந்துட்டா இன்னா பண்றதுங்கிறாரு." நம் ஜனங்களுக்கே உரிய தப்பு இது. சோபாவுக்கு வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை, டி.வி. ரிமோட்டுக்கும் உறை. நல்ல பொருளைப் பயன்படுத்த நமக்கு மனசே வராது. அன்றைக்கும் எல்லாரும் பழைய மொக்கைக் கத்தியோடுதான் கடலுக்குப் போய்வந்திருந்தார்கள்.

"புச்சா இருக்கிறதாலதானே உள்ள வைக்கிறாங்க? அத்த பழசாக்கிட்டா?" என்றார். என்னையும் என் டிரில்லிங் மெஷினையும் குப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வீடு வீடாகக் கத்தியை வெளியே எடுக்க வைத்து, மரப்பிடியில் ஆணியால் அவரவர் பேரைக் கீறினார். புளிப்புப் பட்டால் கார்பன் இரும்பு கறுத்துவிடும்; வெட்டிய எலுமிச்சம்பழத்தைக் கத்திமேல் தேய்த்துத் தேய்த்து, அந்தப் பளபளப்பையெல்லாம் கறுப்பாக்கினார். நான் பிடியில் ஓட்டை போட்டு, இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறு கோத்தேன். இனி தண்ணீரிலும் விழாது. "புதுப் பொருள இப்டி நாஸ்தி பண்ணிட்டியே அண்ணி!" என்று சேகர் அழாத குறையாகக் கத்தினான். "பண்ணிட்டேன்டா. இனிமே இத்த பீரோவுல வச்சா பீரோதான் நாறும், எட்துகினு போ" என்றார். வாழ்க்கையில் நான் மனசாரச் செய்த வேலைகளில் அந்த ஓட்டை போட்டதும் ஒன்று.

போன மாசியில், வலை விடும்போது கயிறு ஒரு சுற்றாக ஏழுமலையின் கணுக்காலில் மாட்டியது. இறங்கிக்கொண்டிருந்த வலை அவரைப் படகிலிருந்து வெளியே இழுத்துவிட்டது. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். சேகர் பாய்ந்து, தன் இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்தான். இரண்டே இழுப்பு என்றான்.

அவர்கள் கரைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கஸ்தூரி முதலில் புருஷனைப் பார்க்கவில்லை. சேகரின் கத்தியை வாங்கி, அதன் கூர்மையைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் ஏழுமலையின் முதுகில் ரெண்டு அடி போட்டு, "என்னிய வுட்டுட்டுப் போவப் பாத்தியா?" என்று கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுதுகொண்டே பெண்கள் பக்கம் திரும்பி, "தலைவிய மாத்தணுமா? இப்ப சொல்லுங்கடி!" என்றார். அட, அந்த நேரத்திலும் அந்தக் கேள்வியை விடவில்லை மனுஷி.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பாடையை இறக்கி வைத்ததும், அதன் கட்டுக் கயிற்றை அறுக்கக் கத்தி வேண்டும் என்று குழி வெட்டியவர் கேட்டார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லாருடைய கையும் இடுப்புக்குப் போனது. அத்தனை கத்தியும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. ஒன்றுகூடப் பளபளக்கவில்லை. எதை வாங்குவது என்று யார் யாரிடமோ கேட்கிறோம், வாங்கியதைக் கையில் எடுக்க வைத்தவர் அவர்தான். ஏழுமலை தன் கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்தார்.

அந்தக் கத்திகளை விற்றவன் நான், ஓட்டை போட்டவனும் நான். கஸ்தூரி செய்த காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.